பி.எட். இல்லாமல் நியூ ஜெர்சியில் ஆசிரியர் ஆவது எப்படி?

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். எட்டு ஆண்டு ஐ.டி.யில் டெஸ்டிங் வேலை. கணவருடன் நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது, இப்போதுதான் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்திருக்கிறது. மறுபடி ஐ.டி.க்குப் போக மனமில்லை. பள்ளியில் பாடம் நடத்த ஆசை. ஆனால் பி.எட். இல்லை. வழி உண்டா? பின்னாளில் பிரின்சிபால் ஆகவும் முடியுமா?"

முடியும். பி.எட். படிக்க நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. நானும் பி.எட். இல்லாமல் வந்தவள்தான். இங்கே ஓர் அரசுப் பள்ளியில் பத்தாண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். 'ஆல்டர்நேட் ரூட்' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பாதையில்தான் உள்ளே வந்தேன். உங்களிடம் இயற்பியல் பட்டம் வேறு இருக்கிறது. தொடக்க வகுப்பு வேலை ஒன்றுக்கு விண்ணப்பங்கள் குவியும். இயற்பியல் ஆசிரியர் வேலைக்கு அப்படி இல்லை, தலைமை ஆசிரியர்கள் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் இந்தப் பாதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் மனத்தில் உள்ள தயக்கம் பாதி அதிலேயே போய்விடும். 1980களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சிப் பள்ளிகளில் ஆள் கிடைக்காதபோது 'எமர்ஜென்சி சர்டிஃபிகேட்' கொடுத்து யாரையாவது வகுப்பில் நிற்க வைப்பார்கள். பாட அறிவும் சோதிக்கப்படாது, பயிற்சியும் இருக்காது. அதை நிறுத்தத்தான் அப்போதைய ஆளுநர் தாமஸ் கீனும் கல்வி ஆணையர் சால் கூப்பர்மனும் புது வழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1984-இல் ஒப்புதல் கிடைத்தது, 1985-இல் அந்த வழியில் ஆசிரியர்கள் வகுப்புக்குள் வந்தார்கள். பாடத்தை முறையாகப் படித்தவரா என்று முதலில் பார்ப்பது, கற்பிக்கும் கலையை வேலையில் இருக்கும்போதே, மூத்த ஆசிரியர் ஒருவரின் துணையோடு கற்றுக்கொடுப்பது என்பதுதான் ஏற்பாடு. பிறகு மற்ற மாநிலங்களும் இதே போக்கில் வந்தன. ஆகவே இதைக் குறுக்கு வழி என்று நினைத்துக் கூச வேண்டாம். அமெரிக்கக் கல்வித் துறைக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரே தொடக்கப் பள்ளியில், ஒரே வகுப்பு நிலையில், இரண்டு பாதைகளிலும் வந்த ஆசிரியர்களின் மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இனி உங்கள் விஷயம். இங்கே மூன்று சான்றுகள் உண்டு, அவற்றின் வரிசை புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். முதலாவது 'சர்டிஃபிகேட் ஆஃப் எலிஜிபிலிட்டி', சுருக்கமாக சி.இ. இது வேலை தேடலாம் என்ற அனுமதி மட்டுமே. காலாவதி கிடையாது. இதை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியில் வேலை வாங்கிய பிறகுதான் இரண்டாவதான 'ப்ரொவிஷனல்' சான்று வரும், அதுவும் அந்தப் பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் வழியாக. ப்ரொவிஷனலில் இருந்தபடியே பயிற்சியை முடித்து, நல்ல மதிப்பீடும் வாங்கினால் நிரந்தரமான 'ஸ்டாண்டர்ட்' சான்று. நம் ஊரில் படிப்பை முழுதாக முடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். இங்கே வேலை கிடைத்தால்தான் படிப்பின் பெரும்பகுதியே தொடங்கும். சி.இ. வந்தவுடன் கேக் வெட்டிவிட்டு, ஓராண்டு கழித்தும் வேலை இல்லாமல் துவண்டுபோன இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.

சி.இ.க்கு என்ன வேண்டும்? முதலில் இளநிலைப் பட்டம், அதில் ஜி.பி.ஏ. எனப்படும், நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண் 3.0. அதற்குச் சற்றுக் குறைந்து 2.75 வரை இருந்தால், பாடத் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக எடுத்து ஈடுகட்டலாம். நம் ஊர் முதல் வகுப்பு இங்கே நல்ல ஜி.பி.ஏ.யாகவே மாறும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அடுத்து, கற்பிக்கப்போகும் பாடத்தில் 30 கிரெடிட் (கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகு), அதில் 12 கல்லூரியின் பின் ஆண்டுகளில் வரும் மேற்பாடங்களாக இருக்க வேண்டும். இயற்பியலில் இளநிலையும் முதுநிலையும் படித்த உங்களுக்கு இது தாராளமாக வந்துவிடும்.

இடறும் இடம் வேறு. உங்கள் பட்டங்களை, இங்கே ஏற்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, பாடம் பாடமாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். நம்முடைய மூன்றாண்டு பி.எஸ்சி.யை இவர்களுடைய நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. இந்தியக் கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் 'ஏ' தரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் நல்ல வகுப்பில் தேறியிருந்தால் மூன்றாண்டுப் பட்டத்தையே முழுப் பட்டமாக வெஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் எம்.எஸ்சி.யும் முதுநிலையாகவே நிற்கும். வேறு நிறுவனம், பி.எஸ்சி.யையும் எம்.எஸ்சி.யையும் சேர்த்து ஒரே இளநிலைப் பட்டம் என்று எழுதித் தந்துவிடலாம். ஆசிரியர் சான்றுக்கு அதுவே போதும். ஆனால் பிரின்சிபால் ஆசையும் இருக்கிறது என்கிறீர்கள், அதற்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதனால் எந்த நிறுவனத்திடம் கொடுக்கிறோம் என்பதை இப்போதே யோசித்துச் செய்யுங்கள். முன்கூட்டியே அவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டாலே பெரும்பாலும் பதில் சொல்லிவிடுவார்கள்.

பிறகு 'ப்ராக்ஸிஸ்' தேர்வு. உங்களுக்கு இயற்பியல் தாள். பாடம் நமக்குக் கடினம் இல்லை. மின்காந்தவியலும் வெப்ப இயக்கவியலும் தூசு தட்டினால் வந்துவிடும். ஆய்வக நடைமுறை பற்றிய கேள்விகளையும் கவனித்துப் படியுங்கள், அதை லேசாக நினைத்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. இதற்கு முன்னால் 'ப்ராக்ஸிஸ் கோர்' என்று படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் பொதுத் தேர்வு ஒன்றும் இருந்தது. 2025 ஜனவரி முதல் நியூ ஜெர்சியில் அது இல்லை. அதேபோல 'எட்டிபிஏ' என்ற பெரிய தொகுப்பு ஒன்றைத் தயாரித்து அனுப்ப வேண்டியிருந்ததும் 2022 டிசம்பரில் வந்த சட்டத்தோடு போயிற்று. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு இந்த இரண்டுக்காகவும் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவதாக, வேலைக்குப் போவதற்கு முந்தைய 50 மணி நேரப் பயிற்சி. நான் வந்த காலத்தில் இது 24 மணி நேரம்தான். 2017-க்குப் பிறகு 50 ஆக்கினார்கள், சரியாகத்தான் செய்தார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் சில கவுன்டி கல்லூரிகளிலும் நடக்கிறது. பாடத் திட்டம் எழுதுவது, வகுப்பை நடத்துவது, உண்மையான வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது எல்லாம் இதில் வரும். இதை எந்தக் கல்லூரியில் தொடங்குகிறீர்களோ, வேலை கிடைத்த பிறகு வரும் நீண்ட பயிற்சியையும் பெரும்பாலும் அங்கேயே தொடர்வீர்கள். ஆகவே வீட்டிலிருந்து தூரம், மாலை வகுப்பா சனிக்கிழமையா, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் மொத்தமாகப் பார்த்துச் சேருங்கள்.

அப்புறம், சி.இ. கையில் இருப்பதும் அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி இருப்பதும் தனித்தனி. கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வரும் எச்-4 இ.ஏ.டி. என்றால் அதன் தேதியைப் பள்ளி மாவட்டத்தின் மனிதவள அலுவலகம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். பள்ளியாண்டு நடுவில் காலாவதியாகும் அட்டையை வைத்துக்கொண்டிருக்காமல், விதி அனுமதிக்கும் முதல் நாளே புதுப்பிக்க அனுப்பிவிடுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சி.இ.க்கு விண்ணப்பித்த கையோடு சப்ஸ்டிட்யூட் ஆசிரியராகப் போங்கள். விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதிலாக ஒரு நாளோ சில நாளோ வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்லூரியில் 60 கிரெடிட் இருந்தால் அதற்கான சான்று கிடைக்கும். கைரேகைச் சோதனை முடித்துவிட்டால் உள்ளே போகலாம். நாள் கூலிதான், ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருத்தமாக இருக்கும். ஆனாலும் ஆறு மாதமாவது செய்யுங்கள். ஒன்று, உங்களுக்கு இந்த வேலை உண்மையிலேயே பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பதும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுப்பதும் அருமையான அனுபவங்கள். ஆனால் மதிய உணவுக்குப் பிறகு வரும் ஏழாவது பீரியடில், உங்களை இதற்கு முன் பார்த்தே இராத இருபத்தாறு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது வேறு. இரண்டு, பள்ளி உங்களைப் பார்த்துவிடும். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். நான்கு மாதம் ஒரே பள்ளிக்கு சப்ஸ்டிட்யூட்டாகப் போய்வந்தேன். ஒரு கணக்கு ஆசிரியை பேறுகால விடுப்பில் போனபோது, வெளியில் தேடாமல் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நான் அனுப்பிய நாற்பது விண்ணப்பங்களில் இரண்டுக்குத்தான் பதிலே வந்திருந்தது.

நேர்முகத் தேர்வில் 'டெமோ' பாடம் கேட்பார்கள். அவர்கள் வகுப்புக்கே போய், இருபது முப்பது நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும். இயற்பியல் என்றால் கையில் ஒரு பொருளோடு போங்கள். பந்து, காந்தம், கயிறு எதுவானாலும் சரி, பிள்ளைகள் கைக்கு அது போய்வரட்டும். பலகையில் சூத்திரம் எழுதித் தொடங்குவது நம் பழக்கம். பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்கள் பார்ப்பதோ பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை. மார்ச் மாதத்திலிருந்தே விளம்பரங்கள் வரத் தொடங்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில்கூட ஆள் எடுப்பார்கள், குறிப்பாக இயற்பியலுக்கு.

வேலை கிடைத்த பிறகு வரும் முதல் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பகலில் ஐந்து வகுப்பு. மாலையிலோ சனிக்கிழமையிலோ பயிற்சி. இப்போதைய விதிப்படி அது மொத்தம் 400 மணி நேரம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு நீளும். இடையில் வீடு, பிள்ளைகள், சமையல். உங்களுக்கு 'மென்டர்' ஒருவரை நியமிப்பார்கள். ஆல்டர்நேட் ரூட்டில் வந்தவர்களுக்கு முதல் எட்டு வாரம் வாரம் ஒருமுறையாவது அவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. அதற்கான கட்டணம் 1,000 டாலர். சில மாவட்டங்கள் தாமே கட்டிவிடும். மற்ற இடங்களில் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். வேலையில் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மென்டர் பக்கத்து வகுப்பு ஆசிரியை. இரண்டாவது வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து, நான் எத்தனை நிமிடம் பேசினேன், பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று எண்ணிக் காட்டினார். நான் முப்பத்தொன்று, பிள்ளைகள் நான்கு. வேறு ஒன்றும் சொல்லவில்லை அவர். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அடுத்த நாள் பாடத்தை இரண்டாகக் கிழித்து, பாதியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன்.

மொழி பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். உச்சரிப்புக்குப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். இடறுவது நாம் சாதாரணமாகச் சொல்லும் சொற்கள். "மூன்று இன்டூ நான்கு" என்று சொல்லிப் பலகையில் பன்னிரண்டு எழுதினேன். வகுப்பே விழித்தது. இங்கே 'இன்டூ' என்றால் வகுத்தல். பெருக்கலுக்கு 'டைம்ஸ்' என்பார்கள். நாம் 'பிராக்கெட்' என்பதை 'பேரன்தசிஸ்' என்பார்கள். 'இசட்' இங்கே 'ஸீ'. இப்படி ஒரு பட்டியலே என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

இன்னொன்று, நம் ஊரில் படித்த நமக்குப் பழக்கமே இல்லாதது: ஐ.இ.பி. கற்றலில் சிறப்புத் தேவை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் தனித் திட்டம். கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது. தேர்வுக்குக் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை, கேள்வியை வாசித்துச் சொல்வது என்று அதில் எழுதியிருப்பதைச் செய்தே ஆக வேண்டும், 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட முடியாது. முதல் நாளே அந்தக் கோப்புகளை வாங்கிப் படித்துவிடுங்கள். என் பள்ளி நாட்களில் 'மக்கு' என்று பெயர் வாங்கிக் கடைசி பெஞ்சில் முடங்கிய தோழி ஒருத்தி இருந்தாள். எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரிந்திருக்கின்றன என்பது எனக்கு முதல் ஐ.இ.பி.யைப் படித்தபோதுதான் உறைத்தது.

பயிற்சியை முடித்து, ஆண்டு மதிப்பீட்டில் இரண்டு முறை 'எஃபெக்டிவ்' அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஸ்டாண்டர்ட் சான்று. அதை மீண்டும் புதுப்பிக்க வேண்டியதில்லை.

வேறு மாநிலத்துக்கு மாறும் வாய்ப்பு இருந்தால், எல்லாவற்றையும் அங்கே புதிதாகப் பார்க்க வேண்டும். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் டெக்சஸ் பாதையில் வந்திருக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகம் மட்டுமின்றித் தனியார் நிறுவனங்களும் இந்தப் பயிற்சியை நடத்துகின்றன, தேர்வு 'டெக்ஸஸ்'. ஆன்லைனிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும் என்று விளம்பரம் வரும். முடியும்தான். ஆனால் வகுப்பறை அனுபவம் குறைவாகத் தரும் பயிற்சியில் சேர்ந்தவர்கள் முதல் ஆண்டிலேயே திணறிப்போய் விலகுவதைப் பார்க்கிறேன். மலிவு, வேகம் இரண்டையும் மட்டும் பார்த்துச் சேராதீர்கள்.

பிரின்சிபால் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் பணிமூப்பு வந்தால் தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வரும். இங்கே அது தனித் தொழில், தனிச் சான்று. நியூ ஜெர்சியில் ஐந்து ஆண்டு ஆசிரியர் அனுபவம், முதுநிலைப் பட்டம், கல்வித் தலைமை பற்றிய முதுநிலைப் படிப்பில் 30 கிரெடிட், 300 மணி நேர இன்டர்ன்ஷிப், எஸ்.எல்.எல்.ஏ. என்ற தேர்வு எல்லாம் வேண்டும். ஏற்கெனவே வேறு பாடத்தில் முதுநிலை வைத்திருப்பவர் மறுபடி இன்னொரு முதுநிலை படிக்க வேண்டாம் என்பதற்காக 'என்ஜே எக்செல்' என்ற திட்டம் இருக்கிறது. பிரின்சிபால்களின் சங்கத்தைச் சேர்ந்த அறக்கட்டளை அதை நடத்துகிறது. உங்கள் எம்.எஸ்சி. முதுநிலையாக மதிப்பிடப்பட்டிருந்தால் அந்தக் கதவு திறக்கும். இதற்காகத்தான் மதிப்பீட்டு நிறுவனத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள் என்று மேலே சொன்னேன். பதவிக்கு வந்த பிறகும் இரண்டு ஆண்டு வழிகாட்டுதலின் கீழ் இருக்க வேண்டும்.

ஒரேயடியாக அங்கே தாவ வேண்டியதும் இல்லை. இடையில் 'சூப்பர்வைசர்' சான்று இருக்கிறது. மூன்று ஆண்டு அனுபவமும் முதுநிலையும், மேற்பார்வை, பாடத்திட்டம் பற்றிய 12 கிரெடிட்டும் போதும். ஒரு மாவட்டத்தின் அறிவியல் ஆசிரியர்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்ளும் வேலை அது. பாடத்தை விட்டு விலகாமல் நிர்வாகம் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். பாடமே நடத்தாமல் பள்ளி நிர்வாகத்துக்குப் போகும் வழியும் இங்கே உண்டு. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் வரவு செலவு, கட்டடம், பேருந்து, ஒப்பந்தம் எல்லாம் பார்க்க 'ஸ்கூல் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' ஒருவர் உண்டு. கணக்கியல், நிதி, சட்டம், மேலாண்மை போன்ற பாடங்களோடு முதுநிலை முடித்தவர்களோ இங்கே சி.பி.ஏ. என்ற கணக்காளர் உரிமம் வாங்கியவர்களோ அதற்கான சி.இ.க்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியர் அனுபவம் கேட்பதில்லை. எம்.பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்கள் எத்தனையோ பேர். இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

வயதை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்றால், ராபர்ட் குட்மேனைப் பற்றிச் சொல்கிறேன். ஒலிக்கருவி நிறுவனங்களில் தலைமைப் பதவியில் இருந்துவிட்டு, பிறகு நியூ ஜெர்சியின் பெர்கன் கவுன்டி தொழிற்கல்விப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியரானார். 2006-இல் மாநிலத்தின் சிறந்த ஆசிரியர் விருதும் பெற்றார். பின்னர் அவர் தலைமை தாங்கிய மையம் ஒன்று, வேறு பாட ஆசிரியர்களை இயற்பியல் ஆசிரியர்களாகத் தயார் செய்தது. ஆள் பற்றாக்குறை அந்த அளவுக்கு. நீங்களோ பாடத்தை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஊரில் அண்ணனோ அக்காவோ யாராவது இருந்தால், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டின் டிரான்ஸ்கிரிப்டுக்கும் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பட்டியல்) பணம் கட்டச் சொல்லுங்கள். முத்திரை வைத்த உறையில் நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு மொத்தப் பயணத்திலும் அதிக மாதங்களைத் தின்றது அந்த உறைதான்.